எண்டோஸ்கோபிக்கு முன்னால், செங்கல்

ராத்திரி 10 மணிக்குப் புரோட்டா சால்னா, பத்தரைக்குப் படுக்கை, 1 மணிக்குத் தொண்டைவரை புளித்துக்கொண்டு எழுந்து உட்காருவது. உங்களுக்கும் இதே கதைதானா?

இரைப்பையின் வாயில் இருக்கும் வால்வு தளர்ந்தால் அமிலம் மேலே எதுக்களிக்கும். இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு) துளை வழியாக நெஞ்சுக்குள் ஏறிவிட்டால் அதுதான் ஹயாட்டஸ் ஹெர்னியா. அது இருக்கிறதா இல்லையா என்பதை வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, எண்டோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை வாய்வழியாக விட்டுப் பார்ப்பது) மாதிரி ஏதாவது எடுத்தால்தான் தெரியும். ஆனால் வீட்டில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கலைப் படுக்கவைத்து இரண்டிரண்டாக அடுக்குங்கள், கிட்டத்தட்ட 6 அங்குலம் உயரும், ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். முதல் சில நாள் கால்பக்கம் சறுக்குகிற மாதிரி இருக்கும், பழகிவிடும். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள், அதையும் அரை வயிற்றோடு நிறுத்துங்கள். எது ஒத்துக்கொள்ளாது என்பது ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவருக்கு வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி, இன்னொருவருக்குத் தக்காளி ரசம். அதனால் எல்லாவற்றையும் நிறுத்தாமல் 2 வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய பெல்ட்டும், தொப்பையும், சிகரெட்டும் பட்டியலில் உண்டு.

மாத்திரை விஷயத்தில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான்டோபிரசோலை எரிச்சல் வந்த பிறகு போட்டால் உடனே கேட்காது, காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். மாதக்கணக்கில் நீங்களாகவே தொடராதீர்கள், 2 வாரத்தில் அடங்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். ஜெலுசில் மாதிரி அமிலத்தை முறிக்கும் மருந்தைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறீர்களா, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுங்கும்போது அடைக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வாந்தியில் ரத்தம் என்றால் 2 வாரம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ இறங்கினால் கேஸ் என்று நினைத்து, சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.