ஐப்பசித் தண்ணியில் விராலுக்கு லூர்: செட்டிநாட்டுக் கண்மாயில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

தீபாவளிக்கு மறுநாள் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து நின்றான். ஆன்லைனில் வாங்கிய லூர் செட், அதாவது நிஜ இரை போலக் காட்டி மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள். திறந்தால் ரப்பர் தவளை, தகரக் கரண்டி, வண்ண வண்ண மீன்கள், புழுக்கள் என்று கண்ணைப் பறிக்கிறது. "மாமா, இதுல எதைப் போட்டா விரால் அடிக்கும்?" என்றான். பெட்டி மூடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற மீன் விரால் இல்லை, பாஸ்.

புதிதாக லூர் வாங்கும் எல்லோருக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாஸ் அமெரிக்க நன்னீர் மீன். நம் கண்மாய்களில் கிடையாது. (மீன் கடையில் கொடுவாவை 'சீ பாஸ்' என்பார்கள், அது வேறு மீன்.) அந்த ஊரில் பாஸ் மேல் அவ்வளவு பித்து. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன்தான் அதற்குச் சமமாக நிற்கிறது. அதனால் நம் கைக்கு வரும் லூர்களில் பாதி பாஸுக்காகச் செய்தவை, கூடவே வரும் அறிவுரையும் பாஸுக்கானது.

அங்கே இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் ஷாட் என்ற சின்ன மீன்கள் கூட்டமாக ஓடை முகங்களுக்கு ஏறும். பாஸ் அதன் பின்னாலேயே போகும். அதனால்தான் 'இந்தக் காலத்துக்கு வெள்ளி நிற லூர் போடு' என்கிறார்கள். நமக்கு அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. வறண்டு கிடந்த கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது, செம்மண் கரைந்து ஓடுகிறது, ராத்திரி முழுக்கத் தவளை கத்துகிறது. இரை போகும் இடத்துக்கு வேட்டை மீன் போகும் என்ற கணக்கு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இரையும் தண்ணீரும் வேறு. அதனால் பெட்டியை அப்புறம் திறக்கலாம், முதலில் கண்மாயைப் பார்ப்போம்.

முதலில் அனுமதி

செட்டிநாட்டுப் பக்கம் பல கண்மாய்கள் மீன்பாசிக் குத்தகையில் இருக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. ஊருக்குள் போய்ப் பெரியவர் யாரிடமாவது கேளுங்கள், யார் கண்மாய் என்று சொல்லிவிடுவார்கள். குடிதண்ணீர் ஊரணியில் தூண்டிலே வேண்டாம். செம்பாறாங்கல் படி கட்டி, கால் கழுவக்கூட யோசித்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த தண்ணீர் அது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது. அங்கே ராடை, அதாவது தூண்டில் கம்பை, காரிலிருந்துகூட எடுக்காதீர்கள்.

சாமான்

ஆரம்பத்துக்கு நாலே பொருள் போதும். ஏழு அடி நீள, மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான) ராடு. 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நூல். ஒரு மூக்குக் குறடு. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும். கோரைக்குள் விரால் புகுந்துகொண்டால் நரம்பு நீளும் அந்த நொடியில் மீன் போய்விடும். பிரெய்டு நீளாது, அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

லூர் மூன்று போதும். ஒரு ரப்பர் தவளை, ஒரு ஸ்பின்னர் பெயிட் (தகடு சுழலும் லூர்), ஒரு வாலாட்டும் ரப்பர் மீன். பெட்டியில் மிச்சம் இருப்பவை இந்த வருஷத்துக்கு அப்படியே இருக்கட்டும்.

முடிச்சு

பிரெய்டு வழுக்கும். சாதாரண முடிச்சு போட்டால் மெல்ல மெல்ல நழுவி, பெரிய மீன் இழுக்கும்போது அவிழ்ந்துவிடும். பாலோமர் முடிச்சு ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். நூலை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடியுங்கள். மடித்த முனையை லூரின் கண்ணுக்குள் (நூல் கட்டும் வளையம்) விடுங்கள். அந்த இரட்டை நூலை வைத்தே தளர்வாக ஒரு சாதா முடிச்சு, இறுக்க வேண்டாம். இப்போது முனையில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்குள் லூரை முழுசாக நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு முடிச்சை நனைத்து, இரண்டு நூலையும் சேர்த்து நிதானமாக இழுத்தால் கண்ணின் மேல் போய்க் கச்சிதமாக உட்காரும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். பதினோராவது தடவை கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

தண்ணீரின் நிறம் பார்த்து லூர்

*செந்தண்ணி.* ஐப்பசியின் முதல் பெரிய மழைகளில் வரத்துக்கால் வழியாக வரும் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கும். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. இந்தத் தண்ணீரில் மீன் கண்ணை நம்பாது. உடம்பின் பக்கவாட்டுக் கோட்டில் அதிர்வை உணர்ந்துதான் இரை தேடும். ஆகவே அதிர்கிற லூர் வேண்டும். ஸ்பின்னர் பெயிட்டில் சுழலும் தகடு இரண்டு வகை. வட்டத் தகடு மெதுவாகச் சுற்றினாலும் 'தட் தட்' என்று ராடு முனை வரைக்கும் அதிரும். நீளத் தகடு வேகமாகச் சுற்றி மினுங்கும். செந்தண்ணிக்கு வட்டத் தகடு. நிறம் கறுப்பு, இல்லையென்றால் கண்ணைக் குத்தும் பச்சை மஞ்சள். கறுப்பு என்றதும் அக்கா மகன் நம்பவில்லை. கலங்கிய தண்ணீரில் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வானவெளிச்சத்தின் எதிரில் கறுப்புதான் உருவமாகத் தெரியும்.

*டீத்தண்ணி.* மழை ஓய்ந்து நாலைந்து நாளில் மண் படியத் தொடங்கும். ஒரு சாண் ஆழம் வரை தெரியும். எனக்குப் பிடித்த தண்ணீர் இதுதான். தவளையைப் போட இதைவிட நல்ல நேரம் இல்லை. கரையோரப் புல் மூழ்கி, ஆம்பல் இலை புதிதாக விரிந்து, நிஜத் தவளைகளும் அங்கேதான் இருக்கும். பழுப்பு, கரும்பச்சை, கறுப்பு எதுவானாலும் சரி.

*தெளிந்த தண்ணீர்.* கார்த்திகைக் கடைசி, மார்கழி. மீன் உங்களையும் பார்க்கும். குனிந்து நில்லுங்கள், நிழலைத் தண்ணீரில் விழ விடாதீர்கள். சின்னக் கெண்டை நிறத்தில் வாலாட்டும் ரப்பர் மீன் போடுங்கள். முள்ளின் நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்து விட்டால் பாசியில் மாட்டாது. மார்கழி விடிகாலையில் தண்ணீர் குளிர்ந்து விரால் சோம்பிக் கிடக்கும். பனி விலகி வெயில் ஏறட்டும், ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும்.

எங்கே வீசுவது

கண்மாயின் நட்டநடுவில் எவ்வளவு தூரம் வீசினாலும் பயனில்லை. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து நீர்ப்பாய்ச்சி, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர். நான் கரை மேல் நின்று பலம் கொண்ட மட்டும் வீசிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மீனு அங்க இல்ல. புதுத்தண்ணி வர்ற வாய்க்குப் போ. தண்ணி ஏறுனா மீனும் ஏறும்" என்றார். வரத்துக்கால் கண்மாயில் சேரும் இடம், மூழ்கிய கருவேலமர அடி, ஆம்பல் இலைக்கும் வெறும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள விளிம்பு, கலுங்கு நிறைந்து வழிந்தால் அதன் கீழ்ப்பக்கத்து மடு. இந்த நாலு இடத்தையும் நடந்தே பாருங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், மூச்செடுக்க மேலே வந்தே ஆக வேண்டும். 'பொளக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வளையம். அந்த வளையம்தான் முகவரி.

வீச்சு

ரீலுக்கு மேல் வரும் நூலை ஆள்காட்டி விரலில் கொக்கி போலப் பிடியுங்கள். ரீலில் நூலைத் தடுத்து நிற்கும் கம்பி வளையத்தைத் திறங்கள். பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பாருங்கள். ராடைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் முன்னால் சுண்டும்போது, ராடு முனை கண்ணுக்கு எதிரே வரும் நேரத்தில் விரலை விடுங்கள். லூர் தலைக்கு மேல் போனால் விரலைச் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள், காலடியில் விழுந்தால் தாமதம். வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் நூல் முறுக்கிக்கொள்ளும்.

தவளையை ஓட்டுவது

இதை நிதானமாகப் படியுங்கள், விரால் கிடைப்பதும் போவதும் இங்கேதான்.

போடுவதற்கு முன் தவளையின் வயிற்றைக் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். முதுகோடு ஒட்டியிருக்கும் இரண்டு முள்ளும் அப்போது வெளியே தெரிய வேண்டும். ரப்பர் கல் மாதிரி இருந்தால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுப் பிசைந்தால் இளகும்.

இலக்குக்கு நாலு அடி தள்ளி வீசுங்கள், மீன் தலையில் போடாதீர்கள். விழுந்ததும் அசைக்க வேண்டாம், அலை அடங்கட்டும். பிறகு ராடு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, மணிக்கட்டால் மட்டும் இரண்டு சுண்டு. நிறுத்து. மறுபடி இரண்டு சுண்டு. இலை விளிம்பு வந்ததும் தவளையை இலையிலிருந்து வெறும் தண்ணீருக்குள் 'தொப்' என்று இறக்கி, மூன்று எண்ணும் வரை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அடி அங்கேதான் விழும்.

அடி விழுந்ததும் கை தானாக ராடைத் தூக்கும். தூக்கினால் போச்சு. அக்கா மகனின் முதல் மீனும் அப்படித்தான் போயிற்று. தண்ணீர் வெடித்ததும் பையன் ஆவேசமாக இழுத்தான், தவளை காற்றில் பறந்து வந்து எங்கள் பின்னால் விழுந்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. விரால் முதலில் தவளையைக் கவ்வும், பிறகுதான் வாய்க்குள் திருப்பும். அடி விழுந்ததும் ராடைத் தாழ்த்துங்கள். தொங்கும் நூலைச் சுற்றுங்கள். "ஒன்னு, ரெண்டு" எண்ணுங்கள். மீனின் பாரம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி மேலே இழுங்கள். அதன் பின் இடைவெளியே கொடுக்காதீர்கள், தலையைக் கோரைக்குள் திருப்ப விடாமல் சுற்றிக்கொண்டே வாருங்கள்.

கரைக்கு வந்ததும் வாய்க்குள் விரலை விடாதீர்கள், பல் உண்டு. குறடால் முள்ளை எடுங்கள்.

செந்நிறத் திட்டு தெரிந்தால்

மழைக்காலம்தான் விரால் குஞ்சு பொரிக்கும் காலம். தண்ணீருக்கு மேல் ஒரு முறம் அளவுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கொதிப்பது போலத் தெரிந்தால் அது குஞ்சுக் கூட்டம். அதற்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையைப் போட்டால் பெற்ற மீன் கோபத்தில் அடிக்கும், உறுதியாகக் கிடைக்கும். இதையே உத்தி என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் அன்றைக்கே தின்று தீர்க்கும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே போய்விடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்து வேறு கரைக்குப் போங்கள். குத்தகைக்காரரிடமும் எந்த இடம் என்று சொல்லி வையுங்கள், சந்தோஷப்படுவார்.

உயிர் முக்கியம்

ஐப்பசி மாலையில் இடி கேட்டால் உடனே ராடை மடக்குங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் வீசவும் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும், லூர் மாட்டிக்கொண்டால் நூலை அறுத்துக்கொள்ளுங்கள், இறங்கி எடுக்கப் போகாதீர்கள். மழைக்குப் பிறகு கரைப் புல்லில் விரியன் கிடக்கும், முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறுந்த பிரெய்டைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொண்டால் யாரும் அவிழ்த்துவிடப் போவதில்லை.

வீடு வந்ததும்

தவளையைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை மிதக்காது. முள்ளைத் துடைத்துக் காயவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். ரப்பர் மீனைக் கெட்டி பிளாஸ்டிக் லூரோடு சேர்த்து வைக்காதீர்கள், ஒன்றோடொன்று இளகி ஒட்டிக்கொள்ளும்.

அக்கா மகனுக்கு மூன்றாவது வாரம், டீத்தண்ணியில், கறுப்புத் தவளைக்கு ஒரு விரால் கிடைத்தது. முழங்கை நீளம். எண்ணினான், சத்தமாகவே எண்ணினான். வீட்டில் அப்பத்தா அதை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பை எடுத்து, மண்சட்டியில் குழம்பு வைத்தார்கள். நடுத்துண்டு அவனுக்கு.