ஆறு பொற்காசுகளும் பூட்டிய கோட்டையும்: கையடக்க மரியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக் காலங்களில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கிளிநொச்சிக்கு வரும் உறவினர்கள், தங்கள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட விளையாட்டுக் கருவிகளை இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவற்றைத் திருத்துவது என் தொழிலின் ஒரு பகுதி. அதனால் எந்தக் கருவியோடு எந்தக் கசற் (விளையாட்டு அடங்கிய, கருவியில் செருகும் சிறு பேழை) வருகிறது என்பதையும், அதை முதன்முறை கையிலெடுப்பவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவ்வாறு வருபவற்றில் நான் அதிகம் விரும்புவது, கேம் போய் என்ற கையடக்கக் கருவிக்காக நின்டென்டோ 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சுப்பர் மரியோ லாண்ட் 2: சிக்ஸ் கோல்டன் கொயின்ஸ்'. புதிதாக விளையாடத் தொடங்குவோர், அந்த வயதில் நாங்கள் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பள்ளத்தில் விழுவது, ஆமையில் மோதுவது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

திரை சிறியது என்பதை மறந்து ஓடுதல்

கேம் போய் திரையின் அளவு 160க்கு 144 படப்புள்ளிகள் மட்டுமே. 1989இல் வந்த முதலாவது 'சுப்பர் மரியோ லாண்ட்' விளையாட்டில் மரியோவை மிகச் சிறிதாக வரைந்திருந்தார்கள். அதனால் அழகு குறைந்தாலும் முன்னால் என்ன வருகிறது என்பது தெரிந்தது. இரண்டாவதில் மரியோவும் எதிரிகளும் பெரிதானார்கள். மீசையும் முகபாவமும் தெளிவாகத் தெரிகின்றன, ஒவ்வோர் எதிரிக்கும் தனித்த குணம் இருக்கிறது. ஆனால் பாத்திரம் பெரிதான அளவுக்கு முன்னால் தெரியும் வழி சுருங்கிவிட்டது. கைத்தொலைபேசியில் ஓட்ட விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்கள் ஓடும் பொத்தானை அழுத்தியபடியே செல்கிறார்கள். எதிரி கண்ணில் படும்போது அதன் மீதே மோதி நிற்கிறார்கள். பழைய சாம்பல் நிறக் கருவியில் இது இன்னும் மோசமாகும், ஏனெனில் அதன் திரையில் அசையும் உருவங்கள் பின்னால் மங்கிய தடத்தை இழுத்துச் செல்லும். இந்த விளையாட்டில் பெரும்பாலான இடங்களை நடந்தே கடக்கலாம். நீண்ட பள்ளத்தைத் தாண்டுவதற்கு மட்டும் ஓடினால் போதும்.

அதே பழைய திரைக்கு ஒரு நற்குணம் உண்டு. அதற்கென்று ஒளி கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பியே அது படம் காட்டுகிறது. வன்னியின் நடுப்பகல் வெயிலில் கைத்தொலைபேசித் திரை வெளிறிப்போகும் நேரத்தில், முற்றத்தில் அமர்ந்து விளையாடுபவருக்கு அது மிகத் தெளிவாகத் தெரியும். மாலையில் விறாந்தைக்குள் வந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளையாடுவதை விட்டுவிட்டு, இடப்பக்க விளிம்பிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பிப் படத்தின் அழுத்தத்தைச் சரிசெய்து, விளக்குக்கு அருகில் அமருங்கள்.

ஆறாவது காசை எடுத்த கையோடு கோட்டைக்குப் போதல்

மற்றத் தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி விளையாடுபவர் மீது, மீதிப் பாதி இதை இப்படி அமைத்தவர்கள் மீது.

மரியோ வெளியூர் போயிருந்த சமயத்தில் வாரியோ அவருடைய கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டான் என்பதே கதை. வாரியோ என்ற பாத்திரம் முதன்முதலாகத் தோன்றியதும் இந்த விளையாட்டில்தான். கோட்டைக் கதவைத் திறக்க ஆறு பொற்காசுகள் வேண்டும். அவை ஆறு வலயங்களின் தலைவர்களிடம் ஒவ்வொன்றாக இருக்கின்றன. மரம், விண்வெளி, பூசணி, ஆமை, பெரும்பொருள், மரியோ ஆகிய இந்த வலயங்களை எந்த ஒழுங்கில் வேண்டுமானாலும் விளையாடலாம். இந்தச் சுதந்திரமே விளையாட்டின் மிகப் பெரிய பலம் என்பேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் மனம் சோர்ந்து கருவியை மூடிவைக்க வேண்டியதில்லை. வேறொரு வலயத்துக்குப் போகலாம். நீர்யானைச் சிலையின் மூக்கிலிருந்து வரும் குமிழில் ஏறி விண்வெளிக்குப் போவதும், பெரும்பொருள் வலயத்தில் எறும்பளவு சுருங்கிய மரியோ வீட்டுப் பொருள்களுக்கிடையே அலைவதும் முற்றிலும் வேறுவேறு அனுபவங்கள். நான்கே சாம்பல் நிறங்களைக் கொண்டு இத்தனை உலகங்களைப் படைத்திருப்பதை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

ஆனால் அந்த ஆறு வலயங்களும் மிக இலகுவானவை. தலைவர்களில் பெரும்பாலோர் சில மிதிகளில் வீழ்ந்துவிடுகிறார்கள். உயிர்கள் தாராளமாகக் கிடைப்பதால் அவற்றைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. இந்த மிதப்பில் ஆறாவது காசை எடுத்தவர் நேரே கோட்டைக்குள் நுழைகிறார். அங்கே கதை மாறுகிறது. கோட்டை மிக நீளமானது. மற்றக் கட்டங்களின் நடுவில், இறந்தால் அங்கிருந்தே தொடர உதவும் மணி அங்கே இல்லை, ஆகவே எங்கே இறந்தாலும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். கடைசியில் வாரியோவுடன் அடுத்தடுத்து மூன்று சுற்றுகள் மோத வேண்டும். முதற்சுற்றில் அவன் நிலத்தை அதிர வைக்கிறான். இரண்டாவதில் கரட்டை உண்டு முயற்காதுகளோடு பறக்கிறான். மூன்றாவதில் நெருப்பை எறிகிறான். உயிர்கள் முடிந்து 'கேம் ஓவர்' விழுந்தால், சேர்த்த ஆறு காசுகளும் பறிபோய் மீண்டும் அந்தந்தத் தலைவர்களிடமே போய்விடும்.

இதில் என்னைச் சினங்கொள்ள வைப்பது தண்டனையின் கடுமை அன்று, அதன் பயனின்மை. கோட்டையில் தோற்றவருக்குத் தேவை கோட்டையில் பயிற்சி. அவருக்குக் கொடுக்கப்படுவதோ, ஏற்கெனவே இலகுவாக வென்ற ஆறு தலைவர்களையும் மீண்டும் வெல்லும் வேலை. அதோடு, ஆறு காசும் இல்லாமல் கதவு திறக்காது என்பதால் முன்கூட்டியே உள்ளே போய் வழி பார்த்து வரவும் முடியாது. முதன்முறை நுழையும் எவரும் அங்கே என்ன இருக்கிறது என்று அறியாமலே நுழைகிறார்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வருவார். தகப்பனின் தொலைபேசியைத் திருத்தக் கொடுத்துவிட்டு, கடை வாங்கில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தவர், ஆறாவது காசு கிடைத்ததும் எனக்குக் காட்டினார். "உயிர் எத்தனை இருக்குது தம்பி?" என்று கேட்டேன். "காணும் அண்ணை" என்றார். தொலைபேசியின் மின்னேற்றும் துளையை மாற்றி முடிப்பதற்குள் அவர் கருவியை என்னிடம் நீட்டினார்: "அண்ணை, காசு ஆறும் போட்டுது. கசற் பழுதாப் போச்சு, பற்றரியை மாத்தி விடுங்கோ." அவர் மட்டுமல்லர், பலரும் இந்த இழப்பைக் கசற்றின் பழுது என்றே நம்பித் திருத்தக் கொண்டுவருகிறார்கள். வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. கசற்றின் உள்ளே பதிவைக் காக்கும் பொத்தான் பற்றரி தீர்ந்திருந்தால், கடந்த கட்டங்கள் உட்பட எல்லாமே அழிந்து கோப்பு வெறுமையாக இருக்கும். கட்டங்கள் கடந்தபடியே இருக்க, காசுகள் மட்டும் காணாமற்போயிருந்தால் கசற்றில் பழுதில்லை. விளையாட்டே அவற்றைப் பறித்துக்கொண்டது.

ஆகவே கோட்டைக்குப் போகுமுன் உயிர்களை விதைநெல்லைப் போலச் சேர்த்து வையுங்கள். அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கடந்த கட்டங்களுக்குள் திரும்பவும் நுழையலாம் என்பதால், உயிர் தரும் இதயம் எளிதில் கிடைக்கும் கட்டமொன்றைத் தெரிந்துகொண்டு அதையே மீண்டும் மீண்டும் ஆடுவது. இரண்டாவது, கட்ட முடிவில் கதவுக்கு மேலே தொங்கும் மணியைத் தொட்டுப் பரிசு விளையாட்டுக்குப் போவது. அவசரத்தில் பலர் மணியை விட்டுவிட்டுக் கதவுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மூன்றாவது, வழியில் சேரும் சாதாரணக் காசுகளைச் சூதாட்ட வீட்டில் இடுவது. அங்கே 30, 50, 200, 999 என்று நான்கு பந்தயங்கள் உள்ளன. சேர்க்கக்கூடிய உச்சமும் 999தான். சில்லறையாக இட்டுக் கரைப்பதைவிடச் சேர்த்துப் பெரிய பந்தயத்தில் இடுவதையே நான் விரும்புகிறேன். மூன்றில் முதலாவது வழியே உறுதியானது, சலிப்பூட்டுவதும் அதுவே.

கோட்டைக்குள் முதலில் செலவழியும் உயிர்களை வழி அறிவதற்கான செலவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெல்ல முயலாமல், எந்த அறைக்குப் பின் எந்த அறை வருகிறது, எங்கே நின்றால் அடி படாது என்று பாருங்கள். 2023 பெப்ரவரி முதல் நின்டென்டோவின் சுவிட்ச் கருவியின் இணையச் சேவையிலும் இந்த விளையாட்டு கிடைக்கிறது. அதில் விளையாடுபவர்கள் கோட்டை வாசலிலேயே நிலையைச் சேமித்துக்கொள்ளலாம். அதை ஏமாற்று என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நடுவில் ஒரு மணியை வைத்திருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டது விளையாட்டின் குறை.

கரட்டையே நம்பியிருத்தல்

கரட்டை உண்டால் மரியோவுக்கு முயற்காது முளைக்கும். குதிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மெதுவாக மிதந்து இறங்குவார். எல்லாப் பள்ளங்களையும் இப்படியே கடப்பவர் குதிப்பின் அளவைக் கற்பதில்லை. காதுகளை இழந்த கணத்தில் அடுத்த பள்ளமே அவரை முடித்துவிடும்.

இலகு முறையை இழிவாக எண்ணுதல்

கோப்பைத் தெரிவுசெய்யும் இடத்தில் 'செலக்ட்' பொத்தானை அழுத்தினால் எதிரிகள் குறைந்த முறை கிடைக்கும். சிறு பிள்ளைகளுக்கு அதையே கொடுங்கள்.

கசற்றை வாயால் ஊதுதல்

ஊதாதீர்கள். வாயின் ஈரம் செப்புத் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். பஞ்சுக்குச்சியில் சிறிது ஐசோபுரொப்பைல் மதுசாரம் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பின் செருகுங்கள்.

தீர்ந்த பற்றரியை உள்ளே விட்டுவைத்தல்

பழைய கேம் போய்க்கு நான்கு சிறிய பற்றரிகள் வேண்டும். 1990களில் வன்னிக்குள் பற்றரி வருவதற்கே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டவர்களும் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். பற்றரியை எறிய மனம் வராத அவர்களுடைய பழக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆயினும் உள்ளே விட்ட பற்றரி கசிந்து தகடுகளை அரித்துவிட்டால், பற்றரியைவிடப் பல மடங்கு பெறுமதியுள்ள கருவி வீணாகிவிடும். சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியதும் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்; பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

பதிவைச் சோதிக்காமல் வாங்குதல்

இந்த விளையாட்டுக்குப் போலிக் கசற்றுகள் ஏராளம். அசல் கேம் போய்க் கசற்றின் பின்புற ஆணி, சாதாரணத் திருப்புளி பொருந்தாத தனி வகை. நட்சத்திரத் திருப்புளியால் திறக்கக்கூடியதாக இருந்தால் ஐயப்படுங்கள். அசலாக இருந்தாலும் முப்பது ஆண்டு கடந்த பொத்தான் பற்றரி எந்த நாளும் தீரலாம். அது பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் மாற்றுவதற்குத் திருத்துநரிடமே கொடுக்க வேண்டும், மாற்றும்போது பழைய பதிவுகளும் அழியும். கொண்டுவரும் உறவினரிடம், புறப்படுமுன் முதற்கட்டத்தை முடித்து, கருவியை அணைத்து, கசற்றைக் கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே இருந்தால் பெட்டியில் வைக்கலாம்.