நார்விச் ஜூலியனைப் படிக்கும் முறை

"எல்லாம் நலமாகும்." நார்விச் ஜூலியன், தாம் கண்ட இறைக்காட்சிகளை நூலாக எழுதிய இடைக்கால இங்கிலாந்துப் பெண் துறவி. அவரைப் பலருக்கும் இந்த ஒரு வரியாகத்தான் தெரியும். இதைத் தனியே பிடுங்கிப் படித்தால் அவரையே இழந்துவிடுவோம். துயரப்படுகிறவரிடம் இதை அவசர ஆறுதலாகச் சொன்னால் அது புண்படுத்தவும் செய்யும்.

முதலில் பிரதியைப் பாருங்கள். அவர் நூலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: 25 அதிகாரங்கள் கொண்ட குறும்பிரதி, 86 அதிகாரங்கள் கொண்ட நெடும்பிரதி. உங்களுக்கு வேண்டியது நெடும்பிரதி. கையிலிருப்பது சுருக்கப் பதிப்பா என்று அறிய 51-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நூலிலேயே மிக நீளமானது அதுதான்.

2, 3-ஆம் அதிகாரங்களில் தொடங்குங்கள். 1373 மே மாதம், முப்பதரை வயதில், சாகக் கிடக்கிறார் ஜூலியன். கடைசி அருளடையாளங்கள் பெற்றாயிற்று. குருவானவர், சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவர் கண்முன் பிடிக்கிறார். வரவிருக்கும் 16 காட்சிகளில் பல அந்தச் சுரூபத்திலிருந்தே விரிகின்றன. நாள் 8-ஆ 13-ஆ என்பதில் கையெழுத்துப் படிகள் வேறுபடுகின்றன. ரோமன் எண்ணில் (viii, xiii) ஓர் எழுத்து மாறினாலே போதும்.

இரத்தமும் காய்ந்த உடலும் வரும் 4, 7, 12, 16, 17-ஆம் அதிகாரங்களில்தான் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். தாண்டிப் போகாதீர்கள், நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். உள்ளங்கையில் ஹேசல் என்னும் சிறு கொட்டையளவு கிடக்கும் படைப்பு முழுவதையும் 5-ஆம் அதிகாரத்தில் காண்பீர்கள். அது அழிந்துபோகாமல் நிற்பது கடவுள் அதை நேசிப்பதால் மட்டுமே.

27 முதல் 32 வரை ஒரே அமர்வில் படியுங்கள். பாவத்தைக் கடவுள் ஏன் தொடக்கத்திலேயே தடுக்கவில்லை என்ற ஜூலியனின் ஏக்கத்துக்கு விடையாகத்தான் 'எல்லாம் நலமாகும்' என்ற வரி வருகிறது. அதைக் கேட்டபிறகும் அவர் ஓய்வதில்லை. இவ்வளவு பெரிய கேடு நேர்ந்தபின் எப்படி எல்லாம் நலமாகும் என்று 29-இல் மறுபடி கேட்கிறார். இந்த விடாப்பிடிதான் ஜூலியன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 313-ஆம் எண்ணில், கடவுளின் பராமரிப்பைப் பேசும் இடத்தில், அவரை எடுத்தாள்கிறது.

51-க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அதில் வருவது ஓர் உவமை. ஆண்டவர் ஏவியதும் ஆவலோடு ஓடும் ஊழியன் பள்ளத்தில் விழுகிறான். வலியைவிடப் பெரிய துன்பம், தன்னை அன்போடு நோக்கும் ஆண்டவரின் முகத்தை அவனால் திரும்பிப் பார்க்க முடியாதது. அவர் அவனைக் குறைகூறவே இல்லை. ஊழியன் ஆதாமா, கிறிஸ்துவா? இருவரும்தான், ஒருவரைத் தேர்ந்தால் உவமை உடைந்துவிடும். இது விளங்க ஜூலியனுக்கே இருபது ஆண்டுகளுக்கு மூன்று மாதம் குறைவாகப் பிடித்தது. குறும்பிரதியில் இது இல்லை.

அதன்பின் 58–63. இயேசுவைத் தாய் என்பது அவர் புதிதாகக் கண்டதல்ல. அவருக்கு முன்பே வாழ்ந்த கேன்டர்பரிப் பேராயர் அன்செல்மின் செபத்திலும் அது உண்டு. ஜூலியனின் தனித்தன்மை அதை மூவொரு கடவுள் (தந்தை, மகன், தூய ஆவி) மறைபொருளோடு பிணைத்ததில் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதும்போது பெயருக்கு முன் 'புனித' சேர்க்காதீர்கள். உரோமை அவரை முறைப்படி புனிதராக அறிவிக்கவில்லை. 'ஜூலியன்' என்பதும் அவர் அடைபட்டு வாழ்ந்த அறை ஒட்டியிருந்த ஆலயத்தின் பெயரிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த ஆலயம் 1942-இல் குண்டுவீச்சில் இடிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.