அப்பாவோடு பழைய காசு தேடப் போவது எப்படி? இங்கிலாந்தில் முதல் முறை மெட்டல் டிடெக்டர் பிடிப்பவர்களுக்கு

அப்பா கரூரில் இருந்து ஆறு மாத விசாவில் வந்தால் முதல் இரண்டு வாரம் பேரப்பிள்ளைகளோடு ஓடிவிடும். மூன்றாவது வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஏன் கண்ணு, இந்த ஊர்ல மனுசங்களே வெளிய வர மாட்டாங்களா?" என்பார். போன வருடம் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே அவர் கையில் ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொடுத்துவிட்டேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தச் செய்முறை. புதையல் கனவோடு படிக்கிறவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். எங்களுக்கு வந்த சத்தத்தில் பத்துக்கு எட்டு குப்பை.

1. முதலில் அனுமதி, பிறகுதான் மெஷின்

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. வயல் நடுவே போகும் பொதுப் பாதையில் யாரும் நடக்கலாம், ஆனால் டிடெக்டர் பிடிக்க முடியாது. பூங்கா என்றால் கவுன்சிலைக் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் மெஷினைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கென்ட் பக்கம் மூன்று விவசாயிகள் எங்களுக்கு முடியாது என்றார்கள். நான்காமவர் "இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. மெட்டல் டிடெக்டர் பிடிப்பவர்களுக்கான அமைப்பான நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்கில் உறுப்பினரானால் சந்தாவோடு அதுவும் வந்துவிடும். அப்புறம் அப்பா ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் என்று தெரிந்ததும் பேச்சு மண், தண்ணீர், உரம் என்று போய்விட்டது. நான் முக்கால் மணி நேரம் மொழிபெயர்ப்பாளன்.

வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தெந்த வயல், எந்த மாதம், மதிப்புள்ளது கிடைத்தால் பங்கு எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்பதுதான் வழக்கம்.

2. என்ன வாங்குவது?

200 முதல் 300 பவுண்டுக்குள் கிடைக்கும் ஆரம்பநிலை மெஷின் போதும். கூடவே ஹெட்போன், ஒரு சின்ன மண்வெட்டி, குழிக்குள் காசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் கையடக்க பின்பாயின்டர். பின்பாயின்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அது இல்லாமல் மண்ணோடு மண்ணாக இருக்கும் காசைத் தேடி உட்கார்ந்தால் அப்பாவின் முழங்கால் போய்விடும்.

3. வீட்டுப் புல்வெளியில் ஒரு மாலை

புல்லில் சில காசுகள், ஒரு ஆணி, குளிர்பானக் கேனின் வளையம் எல்லாவற்றையும் போட்டு ஒவ்வொன்றும் எப்படிக் கத்துகிறது என்று கேளுங்கள். 20 பென்ஸ் நல்லது. 1992க்குப் பிறகு வந்த ஒரு பென்னி வேண்டாம். அது செம்பு முலாம் பூசிய எஃகு. இரும்பா செம்பா என்று மெஷினே குழம்பும்.

4. வயலில்

அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் உள்ள இடைவெளிதான் நல்ல காலம். மண்ணில் ஈரம் இருந்தால் இன்னும் நல்லது.

மெஷினின் அடித்தட்டைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே, மட்டமாக, இடவலமாக நகர்த்த வேண்டும். அப்பா முதல் நாள் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார். இரண்டு முனையிலும் தட்டு மேலே தூக்கிக்கொள்ளும், அங்கே இருப்பதெல்லாம் தப்பிவிடும். "வாசல் கூட்டுற மாதிரிப்பா" என்றேன். சரியாகிவிட்டது.

சத்தம் வந்ததும் தோண்டிவிடாதீர்கள். தொண்ணூறு பாகை திரும்பி நின்று அதே இடத்தை மறுபடி வருடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெளிவாகக் கேட்டால் தோண்டலாம். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. ஒருவர் கேட்பது, ஒருவர் தோண்டுவது, அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் இடுப்பு பிடிக்காது.

உழுத மண்ணில் அள்ளினாலே போதும். புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டு, கதவைத் திறப்பது போலப் புல்லைத் திருப்புங்கள். எடுத்தபின் குழியை ஒரு முறை மெஷினால் பாருங்கள், அடியில் இன்னொன்று இருக்கலாம். பிறகு மண்ணைப் போட்டு, புல்லை மூடி, மிதித்துவிடுங்கள். குழி தெரிந்தால் அடுத்த வாரம் அனுமதி இருக்காது. குண்டு மாதிரி எதையாவது பார்த்தால் தொடாமல் விலகி 999க்குக் கூப்பிடுங்கள். இரண்டு உலகப் போர்களைப் பார்த்த மண் இது.

5. காசு கிடைத்துவிட்டது!

எங்கள் முதல் காசு 1917ஆம் ஆண்டு பென்னி. அப்பா கட்டைவிரலால் மண்ணை ஒதுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம காலணா ராஜா இல்ல? கிரீடத்தைக் காணோமே?" அவர் சொன்னது சரி. நம் காலணாவில் ஐந்தாம் ஜார்ஜ் கிரீடத்தோடு இருப்பார், இங்கே வெறுந்தலை. பென்னியின் எடையும் காலணாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது 240 பென்னி ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15இல்தான் அது நூறானது.

இன்னும் பழையது வேண்டுமென்றால், மெல்லிய தகடு போல, விளிம்பு கோணலாக வரும் வெள்ளிக் காசைத் தேட வேண்டும். அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காலத்துக் காசு அது. சிலது பாதியாகவும் காலாகவும் வெட்டுப்பட்டுக் கிடைக்கும். உடைந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். சில்லறைக்காகப் பின்பக்கச் சிலுவைக் கோட்டை ஒட்டி அவர்களே வெட்டிக்கொண்டதுதான்.

6. தேய்க்காதீர்கள்

இதற்கு நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். இரண்டாவது வாரம் பச்சை படிந்த ஒரு செம்புக் காசு கிடைத்தது. நான் வேலைக்குப் போன நேரத்தில் அப்பா குத்துவிளக்கு விளக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மேசையில் வைத்திருந்தார். எழுத்து முக்கால்வாசி போய்விட்டது. அந்தப் பச்சைப் படிவத்தில்தான் எழுத்தே நின்றுகொண்டிருந்தது, புளி அதைக் கரைத்துவிட்டது. யாருடைய காசு என்று இனி எவராலும் சொல்ல முடியாது. முகம் சுண்டிப்போனவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி உலரவிடலாம். செம்பையும் வெண்கலத்தையும் உலரவைத்து, மிருதுவான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மண்ணோடே வையுங்கள்.

7. ஒன்றுக்கு மேல் கிடைத்தால்

ஒற்றைக் காசு சாதாரணமாகப் புதையல் ஆகாது. ஒரே இடத்தில் 300 வருடத்துக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள காசு இரண்டு கிடைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிடும். அதைவிட மட்டமான உலோகம் என்றால் பத்துக் காசுகளாவது இருக்க வேண்டும். 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது புதையலையும் விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவிக்க வேண்டும்.

அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்துங்கள். 2010இல் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையைத் தொட்டதும் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததால்தான் எது முதலில் போட்டது, எது கடைசியில் போட்டது என்று அவர்களால் பார்க்க முடிந்தது.

ஒற்றைக் காசாக இருந்தாலும் இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் பகுதியில் கிடைக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசரிடம் காட்டுங்கள். பதிவு செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இந்த மெஷினை நம்ம அமராவதி ஆத்துக்குக் கொண்டுபோனா?" என்று அப்பா கேட்டார். கரூர்க்காரர் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த ஆறு அது. ஆனால் அங்கே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். மெஷின் என் பரண்மேல்தான்.

8. கிளம்பும்போது

குப்பையை வயலில் விடாமல் எடுத்து வந்துவிடுங்கள். கேட்டை மூடுங்கள். கிடைத்ததை விவசாயியிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் விவசாயி பென்னியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவின் உள்ளங்கையிலேயே வைத்து மூடிவிட்டார். அப்பா அதைத் தவிர கேன் வளையங்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். மொத்தம் 214. தூக்கிப் போடலாமா என்று நேற்று வீடியோ காலில் கேட்டேன். "இருக்கட்டும், வந்து எண்ணிக்கிறேன்" என்றார்.