ஸ்டிக்கர் பிசுக்கு போகவும், சிங்க் ஒழுகல் நிக்கவும்

மதுரை மாசி வீதில புது எவர்சில்வர் சட்டி வாங்கிட்டு வந்தா மொத வேல அந்த ஸ்டிக்கர கிழிக்கிறதுதான், கிழிச்சா பாதி வந்து பாதி பிசுபிசுன்னு ஒட்டிக்கும். கம்பி நார் போட்டு தேச்சிராதீங்க, கீறல் விழுந்தா விழுந்ததுதான். சட்டில கொதிக்கிற தண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் விடுங்க, சூட்டுல பசை எளகி முனைய புடிச்சு மெதுவா இழுத்தா அப்பிடியே வந்துரும். மிச்ச பிசுக்குல தேங்காண்ணெய் தடவி கால் மணி நேரம் ஊறவிட்டு, ஆப்பச்சோடாவ கொழச்சு துணியால தேய்ங்க. பிளாஸ்டிக் டப்பானா பெயிண்ட் தின்னர் பக்கமே போகாதீங்க, மேல்பக்கமே உருகிரும்.

சிங்க் அடில சொட்டுதுன்னா ஒடனே பிளம்பர கூப்பிடாம ஒரு காஞ்ச பேப்பர வச்சு எங்க நனையுதுன்னு பாருங்க. பெரும்பாலும் குழாய இணைக்கிற கப்ளிங் நட்டு லூசா இருக்கும், இல்ல வாசர் தேஞ்சிருக்கும். நம்ம ஊரு போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, வெள்ளையா படிஞ்சிருந்தா வினிகர்ல நனச்ச துணிய சுத்தி வச்சு சுரண்டிட்டு புது வாசர் போடுங்க, கையாலயே முறுக்குங்க, ஸ்பானர்ல அழுத்துனா பிளாஸ்டிக் நட்டு வெடிச்சிரும். டெஃப்லான் டேப் குழாய் மரைக்குத்தான், வாசர் இருக்க எடத்துக்கு வேணாம். சிங்க் ஓரத்துல இடைவெளி அடைக்கிற சிலிக்கோன் பசை அடிக்கிறதா இருந்தா பழசு முழுசையும் எடுத்து நல்லா காயவிட்டு அடிங்க, 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது.