பல்ஸ் இண்டக்ஷன் மெட்டல் டிடெக்டர்: டிரான்ஸ்மிட்டரை அமைக்கும் முறை

இந்த டிடெக்டர் காயிலுக்குள் மின்னோட்டத்தைச் சிறு சிறு பல்ஸ்களாக அனுப்புகிறது. காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான் பக்கத்தில் இருக்கும் உலோகத்தில் பலமான சுழல் மின்னோட்டம் (எடி கரன்ட்) பிறக்கும். அது அடங்குவதற்குள் ரிசீவர் அதைப் பிடித்துவிட வேண்டும். ஆகவே பல்ஸ் முடிந்தபின் வரும் முதல் பத்து மைக்ரோசெகண்டுக்குத்தான் முழுக் கவனமும் கொடுங்கள். ஆம்பியரைக் கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

காயிலின் இண்டக்டன்ஸுக்கு 300 மைக்ரோஹென்றி நல்ல தொடக்கம். பிவிசி உறை போட்ட 0.5 மிமீ ஒற்றைச் செம்புக் கம்பியை 26 செமீ விட்டத்தில் 21 சுற்று சுற்றினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். கம்பி 17 மீட்டர் பிடிக்கும், ரெசிஸ்டன்ஸ் 1.5 ஓம். எனாமல் கம்பியிலும் சுற்றலாம். ஆனால் சுற்றுகள் நெருங்கி உட்காருவதால் கெப்பாசிட்டன்ஸ் கூடிவிடும், அது வேகத்தைக் கெடுக்கும். கேபிளையும் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். ஆர்ஜி58 கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் சேர்க்கிறது.

பல்ஸுக்கு 555 டைமர் ஐசி போதும். அதன் நேரத்தைத் தீர்மானிப்பவை RA, RB என்ற இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரு கெப்பாசிட்டரும். RA 27 கிலோஓம், RB 1.5 கிலோஓம், 100 நானோஃபாரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர் போட்டால் அவுட்புட் 104 மைக்ரோசெகண்ட் கீழே இருக்கும்; அதுதான் பல்ஸ். பல்ஸ் நொடிக்குச் சுமார் 480 தடவை வரும். சரியாக 500-இல் வைக்காதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸின் மடங்கு; வீட்டு வயரிங் பக்கம் போனாலே இரைச்சல் ஏறி இறங்கும்.

காயிலை இயக்கி அணைக்கும் சுவிட்ச் ஒரு மாஸ்ஃபெட். அதன் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையில் ஓடும் மின்னோட்டத்தைக் கேட் கட்டுப்படுத்துகிறது. 555-இன் அவுட்புட்டைத் தலைகீழாக்கி அந்தக் கேட்டுக்குக் கொடுக்க வேண்டும். பழைய சர்க்யூட்களில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் கேட்டை மேலே இழுக்கும், கீழே இறக்கும் வேலை 1 கிலோஓம் ரெசிஸ்டருடையது. நாம் போடும் ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட்டின் கேட்டில் சேர்ந்த சார்ஜ் அந்த ரெசிஸ்டர் வழியாக வடிய ஐந்தாறு மைக்ரோசெகண்ட் ஆகும். பொடித் தங்கத்தின் சிக்னல் அதற்குள்ளேயே பெரும்பாலும் செத்துவிடும். டிசி4426 மாதிரி இன்வர்ட்டிங் கேட் டிரைவர் போடுங்கள். கேட்டுக்குத் தொடரில் 10 ஓம், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம். டிரைவருக்கு 12 வோல்ட்டையே கொடுங்கள். 5 வோல்ட்டில் ஐஆர்எஃப்740 முழுதாகத் திறக்காது, சூடாகும்.

காயிலின் ஒரு முனை +12 வோல்ட்டில், மறுமுனை டிரெய்னில்; சோர்ஸ் பேட்டரியின் மைனஸில். 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் காயிலின் +12 முனைக்கும் சோர்ஸுக்கும் இடையில், கால்களைக் குட்டையாக வெட்டி ஒட்டினாற்போல வையுங்கள். அதற்கு முன்னால் 1 ஆம்பியர் ஸ்லோ-பிளோ ஃபியூஸ் கட்டாயம்: 555 நின்றுபோய் அவுட்புட் கீழேயே தங்கிவிட்டால் காயிலில் தொடர்ந்து 6 ஆம்பியர் ஓடும். ரிசீவரின் பூஜ்ஜியக் கோடு பேட்டரியின் மைனஸ் அல்ல, காயிலின் +12 முனை என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மதிப்புகளில் மின்னோட்டம் 2.9 ஆம்பியர் வரை ஏறும். மாஸ்ஃபெட் அணைந்ததும் காயில் திருப்பி உதைக்கிறது. வோல்ட்டேஜ் 400-ஐத் தொட்டு, மாஸ்ஃபெட்டின் அவலாஞ்ச் எல்லையில் (அணைந்த மாஸ்ஃபெட்டும் கடத்தத் தொடங்கும் வோல்ட்டேஜ்) நிற்கும். ஒவ்வொரு பல்ஸிலும் 1.3 மில்லிஜூல்தான் என்பதால் அசல் ஐஆர்எஃப்740 தாங்கும். 500 வோல்ட்டின் ஐஆர்எஃப்840 போட்டால் மின்னோட்டம் இன்னும் சீக்கிரம் இறங்கும். பவர் இருக்கும்போது டிரெய்னில் கை வைக்காதீர்கள்.

உதைத்தபின் காயில் ஆடாமல் அடங்க அதற்கு இணையாகப் போடும் டேம்பிங் ரெசிஸ்டரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காயில், கேபிள், மாஸ்ஃபெட் எல்லாம் சேர்ந்து 500 பிகோஃபாரட் என்றால், தேவையான மதிப்பு L-ஐ (இண்டக்டன்ஸ்) C-ஆல் (கெப்பாசிட்டன்ஸ்) வகுத்து வர்க்கமூலம் எடுத்ததில் பாதி: 387 ஓம். ரிசீவரின் முதல் பெருக்கியான ப்ரீஆம்பின் 1 கிலோஓம் இன்புட் ரெசிஸ்டரும் காயிலுக்கு இணையாக நிற்பதால், தனியாகப் போட வேண்டியது சுமார் 630 ஓம்; பக்கத்து வழக்கமான மதிப்பான 680 ஓமில் தொடங்குங்கள். 2 வாட் மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். வயர்வுண்ட் கூடாது, அதற்கே இண்டக்டன்ஸ் உண்டு.

உங்கள் காயிலின் உண்மையான கெப்பாசிட்டன்ஸை அறிய, காயில் மேலேயே ஒரு சுற்று வயரைப் படியவைத்து அதன் முனைகளை ஆஸிலோஸ்கோப் புரோபில் மாட்டுங்கள். 21-இல் ஒரு பங்கு என்பதால் 400 வோல்ட் அங்கே 19 வோல்ட்டாகத்தான் தெரியும், புரோபுக்கு ஆபத்தில்லை. டேம்பிங் ரெசிஸ்டரையும் ப்ரீஆம்பையும் கழற்றிவிட்டால் அலை மணியடித்ததுபோல் ஆடி அடங்குவது தெரியும். அந்த ஆட்டம் 411 கிலோஹெர்ட்ஸ் வந்தால் 500 பிகோஃபாரட். அதைவிடக் குறைந்தால் கெப்பாசிட்டன்ஸ் கூடுதல், ரெசிஸ்டர் மதிப்பைக் குறைக்க வேண்டும்.

கடைசி நுணுக்கத்தை ப்ரீஆம்ப் அவுட்புட்டில் பாருங்கள். 820, 680, 560 என்று மாற்றிப் போடுங்கள். மதிப்பு அதிகமானால் கோடு பூஜ்ஜியத்தைத் தாண்டி ஆடும். குறைந்தால் வால் நீளும். ஆடாமல் மிகச் சீக்கிரம் பூஜ்ஜியத்துக்கு வருவதே சரியான மதிப்பு. காயிலைச் சுற்றி ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உறை) போட்டால் கெப்பாசிட்டன்ஸ் மாறும், ஆகவே ஷீல்டு போட்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

கனமான செம்பு, பெரிய வெள்ளி நாணயம் தேடுகிறவர்களுக்கு 104 மைக்ரோசெகண்ட் போதாது. மின்னோட்டம் ஏறும்போது உலோகத்தில் பிறக்கும் எதிர்த்திசைச் சுழல் மின்னோட்டம் அடங்குவதற்குள் பல்ஸ் முடிந்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். RB-ஐ 3 கிலோஓம் ஆக்கினால் பல்ஸ் 208 மைக்ரோசெகண்ட். மின்னோட்ட அலையின் மேற்பகுதி தட்டையாகத் தொடங்கும். ஆனால் பேட்டரி இழுவை 80 மில்லிஆம்பியரிலிருந்து 250-க்குப் போகும்.

சோதனையை இரும்பு மேசைமேல் வைத்துச் செய்யாதீர்கள். இப்போதைய 1, 2 ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தங்கத்துக்கு அவை அளவுகோல் ஆகாது. அலுமினிய ஃபாயிலை ஒரு செமீ சதுரமாக வெட்டிக் காயில் நடுவில் காட்டுங்கள். அது தெரியவில்லை என்றால் முதலில் கேட் டிரைவரையும் டேம்பிங்கையும் பாருங்கள், பேட்டரியை மாற்றிப் பயனில்லை.