ரத்தாக இருந்த ஷெங்கன் விசா: என் அனுபவம்

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா பிரான்ஸ் வழியாகக் கிடைத்த மறுநாளே பாரிஸ் ஓட்டல் முன்பதிவை ரத்து செய்துவிட்டு, பத்து நாளும் ரோமிலேயே தங்க அறை பார்த்தேன். மலிவாகக் கிடைத்ததே என்ற ஆசை; விசாதான் கையில் இருக்கிறதே என்ற தெம்பு வேறு.

அடிக்கடி ஐரோப்பா போய்வரும் நண்பர் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சொன்னதும் செய்வதும் பொருந்தாவிட்டால், ஏமாற்றிப் பெற்ற விசா என்று கருதி எல்லையிலேயே ரத்து செய்து திருப்பி அனுப்பலாம் என்றார்.

பாரிஸில் ஆறு இரவு, ரோமில் நான்கு என்று பழைய திட்டத்துக்கே திரும்பினேன். முன்பதிவுகள், திரும்பும் டிக்கெட், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்தேன். பெட்டிக்குள் போட்டுவிட்டால் குடிவரவு மேசையில் அவை எதற்கு உதவும்?

முதலில் இறங்கியது ரோமில்தான். அதில் தவறில்லை, தங்கும் நாட்கள்தான் கணக்கு. "பிரான்ஸ் விசாவில் இங்கே ஏன்?" என்றார் அதிகாரி. தாள்களை நீட்டினேன். இரண்டைப் புரட்டிவிட்டுப் போகச் சொன்னார். பாரிஸ் அறைக்குத்தான் முன்பைவிட நான்காயிரம் ரூபாய் கூடுதலாக அழுதேன்.